அது தவறா, திட்டமா? டிவி தொடர்களின் கன்டின்யூட்டி குழப்பம், எளிமையாக

2019 மே மாதம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசி சீசனில் நான்காவது எபிசோட். போர் முடிந்த கோட்டையில் விருந்து நடக்கிறது. மெழுகுவத்தி, கொம்புக் குவளை, மிருகத்தோல் உடை என்று எல்லாம் பழைய காலம். நடுவில், டெனேரிஸ் அரசியின் முன்னால், மூடி போட்ட ஒரு காகித காபி கப். தவறுதான் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனல் ஒப்புக்கொண்டது. அரசி கேட்டது மூலிகைத் தேநீர் என்று ஒரு கிண்டலையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஓரிரு நாளில் அந்த கப் கணினி உதவியால் காட்சியிலிருந்து காணாமல் போனது.

அந்த கப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ரசிகர்கள் மோதிக்கொள்வது இன்னொரு வகைத் தவறுகளில்தான். ஒரு கதாபாத்திரத்தின் கோட்டு ஒரு காட்சியில் போய், அடுத்த காட்சியில் வந்துவிடும். ஒருவருடைய வயது மூன்று வருடம் ஏறாமலே இருக்கும். வீட்டின் மூத்த பிள்ளை ஒருநாள் மாடிக்குப் போய்விட்டுத் திரும்பவே மாட்டான். “கவனக்குறைவு, வேறென்ன?” என்று ஒரு கட்சி. “இவ்வளவு பெரிய குழுவுக்கு இது தெரியாமலா இருக்கும்? காரணம் இருக்கிறது, பொறுத்துப் பாருங்கள்” என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. தவறு, திட்டம் என்று இரண்டே பெட்டிகள்தான் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

## பாட்டியும் மூன்றாவது இளவரசனும்

ஒரு பாட்டி தினமும் ராத்திரி ஒரு தொடர்கதை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், “ராஜாவுக்கு ரெண்டு பிள்ளைங்க.” இரண்டு வாரம் கழித்து மூன்றாவதாக ஒரு இளவரசன் குதிரையில் வந்து இறங்குகிறான். குழந்தை விடுமா? “ரெண்டு பேருன்னுதானே பாட்டி சொன்னே?”

இதற்கு நான்கு விளக்கங்கள் இருக்கலாம். பாட்டிக்கு நிஜமாகவே மறந்துபோயிருக்கலாம். இதைச் சறுக்கல் என்போம். அல்லது மறக்கவில்லை, இன்றைய கதை சூடுபிடிக்க ஒரு தைரியசாலி தேவைப்பட்டான், கணக்கு இடிக்கும் என்று தெரிந்தே கொண்டுவந்துவிட்டார். இது சமரசம். அல்லது குழந்தை கேட்ட பிறகு சுதாரித்துக்கொண்டு, “அவன் பொறந்ததுமே காட்டுல தொலைஞ்சு போயிட்டான்டா கண்ணா, அதான் யாருக்கும் தெரியல” என்று சமாளித்திருக்கலாம். இது ஒட்டு. கடைசியாக, முதல் நாளிலிருந்தே மூன்றாமவனை மனதில் வைத்துக்கொண்டு மறைத்திருக்கலாம். இது முடிச்சு.

இப்போது குழந்தையின் காதால் கேட்டுப் பாருங்கள். ஒட்டும் முடிச்சும் ஒரே வாக்கியமாகத்தான் வந்து விழும். சறுக்கலும் சமரசமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் முழுக்கப் பாட்டியின் மனதுக்குள் இருக்கிறது. டிவி தொடரிலோ பாட்டி ஒருவர் இல்லை. எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம், படம் பிடிப்பவர்கள் ஒரு கூட்டம், வெட்டி ஒட்டுகிறவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களும் வருடத்துக்கு வருடம் மாறுகிறார்கள். ஆகவே “வேண்டுமென்றே செய்தார்களா?” என்று கேட்பதற்கு முன், யார், எந்தக் கட்டத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

## இரண்டு வகைத் தொடர்ச்சி

தொடர்ச்சி, அதாவது படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் சொல்கிற கன்டின்யூட்டி, என்றால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே உலகம் மாறாமல் இருப்பது. இதை இரண்டாகப் பிரித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது காட்சித் தொடர்ச்சி. கண்ணாடி டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, முடி காதுக்கு முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா, சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்கிற சமாச்சாரங்கள். இரண்டாவது கதைத் தொடர்ச்சி. யாருக்கு என்ன வயது, யார் யாரை எப்போது சந்தித்தார்கள், செத்தவர் செத்தவராகவே இருக்கிறாரா என்பவை.

இந்தக் கணக்குப்படி காபி கப் கன்டின்யூட்டி தவறே இல்லை. அது எதனோடும் முரண்படவில்லை. படப்பிடிப்புக்காரர்களின் பொருள் தவறிப்போய் காட்சிக்குள் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். ‘தி மாண்டலோரியன்’ இரண்டாவது சீசனில், 2020-ல், ஒரு துப்பாக்கிச் சண்டையின் ஓரத்தில் ஜீன்ஸ் போட்ட ஒருவர் தெரிந்தாரே, அவரும் அந்த வகைதான். அவரையும் பிறகு அழித்துவிட்டார்கள்.

## ஒரு காட்சி எப்படிப் பிறக்கிறது

திரையில் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசுகிறார்கள். நமக்கு அது மூன்று நிமிடம். எடுத்தவர்களுக்கு அரை நாள் வேலையாகக்கூட இருந்திருக்கும்.

முதலில் இரண்டு பேரும் மேசையும் முழுதாகத் தெரியும்படி காட்சி முழுவதையும் எடுப்பார்கள். இதற்கு மாஸ்டர் ஷாட் என்று பெயர். அப்புறம் கேமராவை நகர்த்தி, விளக்குகளை மாற்றி, முதலாமவர் முகத்தை மட்டும் குளோஸ்-அப்பில். மறுபடி எல்லாவற்றையும் நகர்த்தி இரண்டாமவர் முகம். ஒவ்வொரு கோணத்திலும் அதே வசனத்தைப் பல முறை நடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு டேக். கடைசியில் எடிட்டர் கையில் இருப்பது ஒரே உரையாடலின் இருபது முப்பது நகல்கள். அவற்றிலிருந்து ஒரு வரி இங்கே, ஒரு பார்வை அங்கே என்று பொறுக்கி, ஒரே மூச்சில் நடந்த மாதிரி கோக்கிறார்.

மூன்றாவது டேக்கில் நடிகர் “சரி” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார். ஏழாவது டேக்கில் எடுத்துவிட்டு “சரி” என்றார். இரண்டையும் ஒட்டினால் டம்ளர் தானாகக் கைக்குத் தாவும். நாம் திரையில் கண்டுபிடித்து மகிழ்கிற சில்லறைத் தவறுகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான்.

இதைத் தடுக்கவே ஒரு ஆள் இருக்கிறார். ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று பெயர். தனிப் பதவி இல்லாத குழுக்களில் ஒரு உதவி இயக்குநர் இந்தப் பொறுப்பைச் சுமப்பார். எந்த வசனத்தில் எந்தக் கை உயர்ந்தது என்பதுவரை குறிப்பெடுப்பார், புகைப்படம் எடுத்து வைப்பார், அடுத்த டேக்குக்கு முன் “கோப்பை இடது கையில்” என்று நினைவூட்டுவார். கதையின் வரிசைப்படி படம் எடுப்பதும் அபூர்வம். ஒரே அறையில் நடக்கிற காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் முடிப்பார்கள். காலையில் எடுத்தது நான்காவது எபிசோட், மதியம் எடுத்தது முதலாவது என்று இருக்கும். இத்தனைக்கும் நடுவில் இவ்வளவு குறைவாகத் தவறு வருகிறதே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

ரசிகர்களின் வாதத்தில் அநேகமாகக் காணாமல் போகிற ஒரு விஷயம் எடிட்டிங் அறையில் இருக்கிறது. டம்ளர் தாவுவது எடிட்டருக்குத் தெரியும். தெரிந்தே அந்த டேக்கை வைப்பார், ஏனென்றால் அதில்தான் நடிகரின் கண் சரியாகக் கலங்கியது. மூன்று ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச் ‘அபோகலிப்ஸ் நவ்’, ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படங்களில் பணியாற்றியவர். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய ஆறு அளவுகோல்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தந்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. யார் எங்கே நின்றார், எது எங்கே இருந்தது என்கிற இடத் தொடர்ச்சி வரிசையில் கடைசி. அதற்கு வெறும் 4. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாவிட்டால் கீழேயிருந்து தியாகம் செய்துகொண்டு வா என்பது அவர் அறிவுரை.

ஆக, அந்த டம்ளர் தவறா, திட்டமா? யாரும் திட்டம் போட்டு அதைத் தாவவிடவில்லை. ஆனால் ஒருவர் பார்த்து, எடைபோட்டு, அனுமதித்திருக்கிறார். பாட்டியின் இரண்டாவது வகை. காட்சித் தொடர்ச்சிப் பிழைகளில் ஏராளமானவை இந்தச் சமரசம்தான் என்பது என் கட்சி.

## நம் கண்ணின் பங்கு

சமரசம் செய்ய அவர்களுக்கு தைரியம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குட்டிப் படம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தொலைபேசி மணி அடிக்கிறது, எழுந்திருக்கிறார். கட். அடுத்த ஷாட்டில் தொலைபேசியை எடுப்பது வேறு ஒரு நடிகர். உடையும் வேறு. பார்த்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை.

இப்படி மாற்றம் கண் முன்னால் நடந்தும் தெரியாமல் போவதற்கு மாற்றக் குருடு என்று பெயர். கதையில் மனம் இருக்கும்போது மூளை அர்த்தத்தைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது: ‘அவர் போனை எடுத்தார்’. சட்டையின் நிறம் அந்தப் பிடியில் சேர்வதில்லை.

ஒரு முறை ஒளிபரப்பாகி மறைந்துபோன காலத்தில் இது போதுமானதாக இருந்தது. இப்போது நிறுத்தி, பின்னால் போய், உறையவைத்துப் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்காக அந்தக் காட்சி செய்யப்படவே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ மாதிரி பழைய சதுரத் திரைத் தொடர்களைப் பிற்பாடு அகலத் திரைக்கு விரித்தபோது, முன்பு ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த பகுதியும் உள்ளே வந்தது. கதாநாயகிக்குப் பதிலாக நின்ற மாற்றாள் பளிச்சென்று தெரிகிறார். எடுத்தபோது அது தவறாகவே இருந்திருக்கவில்லை!

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சின்னப் பொருள்கள் தாவுவது பல டேக்குகளை ஒட்டுவதால். அதில் பாதி தெரியாமல் நடந்தது, மீதி தெரிந்தே விட்டது. இங்கே ரகசிய அர்த்தம் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

## வருடக்கணக்கில் எழுதும்போது

கதைத் தொடர்ச்சி வேறு மாதிரிச் சிக்கல். இங்கே எதிரி காலம்.

நீண்ட தொடர்களை எழுதும் குழு ‘பைபிள்’ என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதுண்டு. கதாபாத்திரங்களின் வயது, ஊர், குடும்பம், என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு நல்ல நகைச்சுவை வரி கையில் கிடைத்தால் குறிப்பேட்டை யார் புரட்டுகிறார்கள்? ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் ராஸ் மூன்று சீசன்களாக 29 வயதிலேயே இருந்தார். 1994-ல் வந்த முதல் எபிசோடில் ரேச்சலுக்குச் சாண்ட்லரைப் புதிதாக அறிமுகம் செய்துவைக்கிறார்கள். பின்னால் வந்த பழைய நினைவுக் காட்சிகளில் இருவரும் கல்லூரிக் காலத்திலேயே சந்தித்திருக்கிறார்கள். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அந்த வாரத்துச் சிரிப்புக்கு அது தேவைப்பட்டது.

1974-ல் தொடங்கிய ‘ஹாப்பி டேஸ்’ இதில் ஒரு படி மேலே. கன்னிங்ஹாம் குடும்பத்தின் மூத்த மகன் சக் ஆரம்ப சீசன்களோடு காணாமல் போனான். விளக்கம் எதுவும் கிடையாது. 1984-ல் தொடர் முடியும்போது அப்பா நெகிழ்ந்துபோய்த் தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு! இன்றும் சொல்லாமல் கொள்ளாமல் மறைகிற கதாபாத்திரங்களின் நோய்க்கு சக் கன்னிங்ஹாம் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நடிகர் மாறுவது இன்னும் வெளிப்படையானது. நம் சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடும், விஷயம் முடிந்தது. ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ தொடரில் 1993-ல் விவ் ஆன்ட்டியாக நடித்தவர் மாறினார். புதியவரைப் பார்த்து ஒரு கதாபாத்திரம், குழந்தை பிறந்ததிலிருந்து நீங்கள் ஏதோ மாறின மாதிரி இருக்கிறதே என்கிறது. வில் ஸ்மித் கேமராவை ஒரு பார்வை பார்க்கிறார். ஓட்டையை மறைக்காமல் நமக்கே சுட்டிக்காட்டிச் சிரித்துவிட்டால் அது ஓட்டையாக உறுத்துவதில்லை. இதை நான் சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

எல்லை தாண்டியது ‘டாலஸ்’. பாபி ஈவிங் 1985-ல் செத்தார், நடிகர் தொடரைவிட்டுப் போனார். 1986-ல் நடிகர் திரும்பி வர, பாபி குளியலறையில் ஷவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் ஓடிய ஒரு முழு சீசனும் மனைவி கண்ட கனவு என்று ஆயிற்று. சிக்கல் என்னவென்றால், டாலஸிலிருந்து கிளைத்த ‘நாட்ஸ் லேண்டிங்’ என்ற தொடரில் பாபியின் சாவுக்கு ஏற்கெனவே அழுது முடித்துவிட்டார்கள். அங்கே அந்தச் சாவை ரத்து செய்யவே இல்லை.

## ஒட்டு: ரெட்கான்

பாபியின் ஷவருக்குத் தொழில்முறைப் பெயர் ரெட்கான். முன்பு சொன்ன கதையின் பொருளை, பின்னால் வருகிற ஒரு தகவலால் மாற்றி எழுதுவது. பாட்டி காட்டில் தொலைத்த இளவரசன்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கிளிங்கான்கள். 1960-களில் அந்த வேற்றுக்கிரகவாசிகள் கொஞ்சம் மாநிற மேக்கப் போட்ட மனிதர்கள் மாதிரியே இருந்தார்கள். 1979-ல் சினிமா வந்தபோது பணமும் மேக்கப் வசதியும் கூடியிருந்தது. நெற்றியில் எலும்பு வரப்புகள் முளைத்தன. அதன் பிறகு எல்லா கிளிங்கான்களுக்கும் வரப்பு நெற்றிதான். காரணம் கதைக்கு வெளியே இருந்தது, கதைக்குள் ஒன்றும் இல்லை.

1996-ல் அதே வரிசையில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் கதாபாத்திரங்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் பழைய கிளிங்கான்களை நேரில் பார்த்துவிடுகிறார்கள். எல்லோரும் தங்களோடு இருக்கும் கிளிங்கானான வார்ஃபைத் திரும்பிப் பார்க்க, அவர் இறுக்கமாக, இதை வெளியாட்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்று முடித்துக்கொள்கிறார். அங்கேயே விட்டிருக்கலாம். 2005-ல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு எபிசோட் செலவழித்து, மரபணு ஆராய்ச்சி தடம்புரண்டு பரவிய வைரஸால்தான் நெற்றி வழுவழுப்பானது என்று விளக்கியது.

இப்போது புதிதாகப் பார்க்கும் ஒருவருக்கு 1960-களின் நெற்றி ‘திட்டமிட்ட’ விஷயம். எடுத்தபோது அது மேக்கப் செலவு. இரண்டும் உண்மைதான், வெவ்வேறு வருடங்களின் உண்மை. “வேண்டுமென்றே செய்ததா” என்ற கேள்விக்கு ஒரே காட்சி இரண்டு பதில் தரலாம் என்பதை ஒப்புக்கொள்ளாத வரைக்கும் இந்தச் சண்டை ஓயாது.

## நிஜமாகவே திட்டமிட்டவை

அப்படியானால் “காரணம் இருக்கிறது” கட்சி எப்போதும் தோற்குமா? இல்லை. 2010 மே 1 அன்று வந்த ‘டாக்டர் ஹூ’ எபிசோடில், காலத்தில் பயணம் செய்யும் நாயகனான டாக்டரின் கோட்டைக் கல் தேவதைகள் பிடித்துக்கொள்கின்றன. அவர் கோட்டைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பிக்கிறார். அதற்குப் பிறகு சட்டையோடுதான் அலைகிறார். கண்ணை மூடிக்கொண்டு காட்டில் உட்கார்ந்திருக்கும் தன் பயணத் தோழி ஏமியிடம் ஒரு தரம் வந்து, நீ ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது நான் சொன்னதை நினைத்துப் பார் என்கிறார். அந்த ஒரு இடத்தில் மட்டும் கோட்டு போட்டிருக்கிறார்.

அச்சு அசல் கன்டின்யூட்டி தவறு. ஜூன் 26 அன்று சீசனின் கடைசி எபிசோடில் விடை வந்தது: அங்கே வந்து பேசியவர் அந்த நேரத்து டாக்டரே இல்லை, எதிர்காலத்திலிருந்து தன் வாழ்க்கையில் பின்னோக்கி நழுவிக்கொண்டிருந்த டாக்டர். எழுதிய ஸ்டீவன் மாஃபட், நம் சந்தேகத்தையே முகமூடியாகப் பயன்படுத்திக்கொண்டார். தவறு மாதிரி இருப்பதால் யாரும் இதைத் துப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒளித்து வைத்தார்.

2016-ல் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ இதே வித்தையைப் பெரிய அளவில் செய்தது. சில காட்சிகளில், கதை நடக்கும் கேளிக்கைப் பூங்காவின் சின்னம் ஒரு வடிவம், வேறு சில காட்சிகளில் இன்னொரு வடிவம். அப்படியானால் இரண்டும் ஒரே காலத்தில் நடப்பவை அல்ல என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். சீசன் முடிவில் கணக்கு சரி என்று தெரிந்தது.

ஆனால் இந்த வெற்றிகளே அடுத்த ஏமாற்றத்துக்கு விதை. 2021-ல் ‘வாண்டாவிஷன்’ தொடரில் வாண்டாவின் இரட்டைச் சகோதரன் பியட்ரோ வேறு முகத்தோடு வந்தார். அந்த முகம், வேறொரு நிறுவனத்தின் எக்ஸ்-மென் படங்களில் அதே கதாபாத்திரமாக நடித்தவருடையது. இரண்டு சினிமா உலகங்கள் இணையப்போகின்றன என்று ரசிகர்கள் உறுதியாக நம்பினார்கள். கடைசியில் அவர் சூனியக்காரியின் பிடியில் இருந்த ஒரு உள்ளூர்க்காரர், அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்ததுதான், ஆனால் நாம் நினைத்த காரணத்துக்காக இல்லை. சறுக்கலையும் முடிச்சையும் பிரித்துவிட்டாலும் இந்தக் குழி மிச்சம் இருக்கிறது.

## எப்படிப் பிரித்தறிவது

உறுதியான சூத்திரம் கிடையாது. ஆனாலும் நான் முதலில் பார்ப்பது, கேமரா அதைப் பார்க்கிறதா என்று. டாக்டரின் கோட்டு போகும் காட்சி தெளிவாக, நேரம் கொடுத்துக் காட்டப்பட்டது. இழப்பு நம் மனதில் பதிய வேண்டும் என்று எடுத்த காட்சி. மேசை ஓரத்தில் பாதி நிரம்பிய டம்ளர் அப்படி இல்லை.

அடுத்தது, அந்த மாற்றத்தைச் செய்ய எவ்வளவு வேலை ஆகியிருக்கும்? சுருட்டிய சட்டைக் கை இறங்கியிருப்பதற்கு வேலையே வேண்டாம், அது தானாக நடக்கும். ஒரு பூங்காவுக்கு இரண்டு சின்னம் வரைந்து, அச்சடித்து, சரியான காட்சிகளில் மட்டும் வைக்க ஒரு துறையே உழைக்க வேண்டும். அவ்வளவு உழைப்பு தற்செயலாக நடக்காது.

பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். சத்தமில்லாமல் அழித்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. அதே சீசனில் பதில் வந்தால் முடிச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பத்து வருடம் கழித்து, வேறு எழுத்தாளர் கையால் பதில் வந்தால் அநேகமாக ஒட்டு. தயாரித்தவர்கள் பேட்டியில் சொல்வதையும் கேட்கலாம், ஆனால் கொஞ்சம் சந்தேகத்தோடு. தன் சறுக்கலைத் தொலைநோக்கு என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

## ரசிகர்கள் போட்ட ஒட்டு

ஒட்டுப்போடுவது தயாரிப்பாளர்களின் தனிச்சொத்தும் அல்ல. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனின் முழுப்பெயர் ஜான் எச். வாட்சன். 1891-ல் வந்த ஒரு கதையில் அவர் மனைவி அவரை ‘ஜேம்ஸ்’ என்று கூப்பிட்டுவிடுகிறார். கானன் டாயில் சறுக்கியதாகத்தான் தெரிகிறது. அவர் இந்த மாதிரி விஷயங்களில் அலட்டிக்கொள்பவரும் இல்லை. வாட்சனின் குண்டுக் காயம்கூட 1887-ல் தோளில் இருந்தது, 1890-ல் காலுக்கு இறங்கிவிட்டது.

ஹோம்ஸ் ரசிகர்களோ இவற்றையெல்லாம் உண்மை வரலாறாகவே பாவித்து விளக்கம் தேடுவதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தார்கள். துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ் அதில் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘எச்’ என்பது ‘ஹேமிஷ்’ஆக இருக்கலாம், ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் என்ற பெயரின் வடிவம் அது, மனைவி செல்லமாக அதை ஜேம்ஸ் ஆக்கிக் கூப்பிட்டிருப்பார்.

2010-ல் தொடங்கிய பிபிசியின் ‘ஷெர்லக்’ தொடர் இரண்டையும் எடுத்துக்கொண்டது. அதில் வாட்சனுக்குக் குண்டு பட்டது தோளில், நொண்டுவது கால். மனம் உண்டாக்கிய நொண்டல் என்று ஷெர்லக் முதல் நாளே கண்டுபிடிக்கிறார். 2012-ல் வந்த எபிசோடில் வாட்சன் தன் பெயரைத் தானே சொல்கிறார்: ஜான் ஹேமிஷ் வாட்சன்.